அம்பத்தொம்பது செகண்ட் பாக்கி

ரெண்டு நிமிஷம் பதினோரு செகண்ட் பேசினிய தம்பி.

கோவிச்சுக்கிடாதீங்க, ஒட்டுக் கேக்கல. யாருகிட்ட பேசினிய, என்ன பேசினிய, அதெல்லாம் எனக்கெதுக்கு? நேரம் மட்டுந்தான் காதுல ஏறும். நம்பலைன்னா போன எடுத்துப் பாருங்க. என்ன போட்டிருக்கு? ரெண்டு பதிமூணா? அப்ப அந்தப் பக்கம் எடுத்தப்புறமும் நீங்க ரெண்டு செகண்ட் வாயத் தொறக்காம இருந்திருக்கிய. எதிராளி எடுத்த நொடில கணக்கு ஆரம்பிச்சிரும், நீங்க பேசினாலும் சரி, பேசாட்டாலும் சரி. அந்தக் காலமா இருந்தா உங்களுக்கு மூணு பல்ஸ் விழுந்திருக்கும். நாப்பத்தேழு செகண்ட் வேஸ்ட்.

கையில வாட்ச் இல்லையேன்னு பாக்கியளா? இன்னைக்குக் கட்டல. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, பொறவு சொல்லுதேன். வாட்ச் இல்லாட்டாலும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும். சங்கரன்கோயிலா போறிய? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். பஸ்ஸு இன்னும் மானூருக்கே வரல. நல்லா சாஞ்சு உக்காருங்க.

என் பேரு ஆறுமுகநயினார். ஒரு போன் கம்பெனில பில்லிங் செக்‌ஷன்ல இருந்தேன், பதிமூணு வருசம். கம்பெனி பேரு வேண்டாம். சொன்னா உடனே, எனக்கு ஒருதடவ எக்குத்தப்பா பில்லு வந்துச்சேன்னு ஆரம்பிச்சிருவிய. போன் கம்பெனின்னு சொன்னாலே எல்லாரும் அப்படித்தான். கல்யாண வீட்டுல இலைல உக்காந்தா பக்கத்து இலைக்காரன் பாயாசம் வாரதுக்குள்ள மூணு வருசத்து பில்லச் சொல்லி முடிச்சிருவான்.

எங்க வேல என்னன்னா, மெஷின் போட்ட பில்லு சரியான்னு கையால போட்டுப் பாக்கது. நீங்க ஒரு கால் பேசினா அங்க ஒரு சீட்டு விழும்னு வச்சுக்கிடுங்க. யாரு, யாருக்கு, எப்ப எடுத்தாவ, எப்ப வச்சாவ. அவ்வளவுதான் அதுல இருக்கும். இப்படி ஒரு நாளைக்கு லட்சக்கணக்குல சீட்டு. அத எல்லாம் மெஷின் வாங்கி, இந்தாளு என்ன பிளான், இது லோக்கலா எஸ்டிடியா, நம்ம நம்பரா அடுத்த கம்பெனி நம்பரா, ஃப்ரீ நிமிஷம் மிச்சம் இருக்கான்னு பாத்து ரேட்டு போடும். மாசக் கடைசில வாடக, வரி எல்லாம் சேத்து பில்லு. இதுல உசிரே பல்ஸ்லதான் இருக்கு. அன்னைக்கு பல்ஸ்னா அறுவது செகண்ட். அறுவது செகண்ட் பேசினா ஒரு பல்ஸ். அறுவத்தோரு செகண்ட் பேசினா ரெண்டு பல்ஸ். ஒரு செகண்டுக்கு ஒரு முழு நிமிஷமான்னு ஆளுக வந்து சண்டை போடுவாவ. நான் பொறுமையாச் சொல்லுவேன். அண்ணாச்சி, லாட்ஜ்ல ரூம் எடுக்கிய, பல்லு வெளக்கிட்டுக் கெளம்பினாலும் ஒருநாள் வாடக கொடுக்கியல்லா, அது மாதிரித்தான் இதுன்னு.

இதையே காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தா மனுசனுக்கு என்ன ஆகும்? புத்தி வரும். எனக்கு வந்துச்சு. நான் எந்தக் காலையும் அம்பத்தேழாவது செகண்ட்ல கட் பண்ணிருவேன். ஏன் அம்பத்தேழுன்னா, பட்டன அமுக்க ஒரு செகண்ட், மெஷினுக்குத் தகவல் போக ஒரு செகண்ட், கைகாவலுக்கு ஒரு செகண்ட்.

கஞ்சத்தனம்னு நினைச்சிராதீங்க. கஞ்சப்பயன்னா பேசவே மாட்டான். நான் அப்படி இல்ல. தப்பித்தவறி அறுவதத் தாண்டிருச்சுன்னா, அடுத்த நிமிஷத்துக்கும் துட்டு விழுந்தாச்சுல்லா, அத வீணாக்கலாமா? கூடாது. ஒண்ணு அம்பத்தேழு வரைக்கும் பேசித்தான் வைப்பேன். பேச விசயம் இல்லாட்டாலும் பேசுவேன். கொள்கைன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்.

இந்த நேரத்துலதான் எனக்குப் பொண்ணு பாத்தாவ. சங்கரன்கோயில்ல பாத்திரக்கட பால்வண்ணன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும், அவுக மக. பேரு பிரம்மசக்தி. அங்க ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். ஐப்பசில நிச்சயம், தைல கல்யாணம். இடைல ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு. நிச்சயம் பண்ணின பொண்ணுக்கு மாப்ள தினம் போன் போடணும்லா, நானும் போட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அவ வீட்டு லேண்ட்லைனுக்கு. ஒருநாள் கூடத் தவறல தம்பி. எந்த மாப்ள அப்படிப் போடுவான்?

"சாப்பிட்டியா?"ன்னு கேப்பேன். "சாப்பிட்டேன், நீங்க?"ன்னு கேப்பா. "இன்னைக்கு எங்க ஆபீஸ்ல ஒரு பெரிய வேடிக்க நடந்துச்சு பாத்துக்கோ, எங்க மேனேஜரு வந்து"ம்பேன். அம்பத்தேழு. கட். மறுநாள் ஏழு மணிக்கு, "வந்து, எங்கிட்ட என்ன சொன்னாருன்னா"ன்னு விட்ட எடத்துல இருந்து ஆரம்பிப்பேன். நேத்து எந்த வார்த்தைல விட்டேன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருப்பேன். அவ்வளவு அக்கறை.

ஒருநாள் அவ தும்மிட்டா. தொடர்ந்து நாலு தும்மல். பாவம், நல்லா சளி பிடிச்சிருந்துச்சு. தும்மி முடிக்கதுக்குள்ள அறுவத்திரண்டு ஆயிருச்சு. என்ன செய்ய? அடுத்த பல்ஸ் விழுந்தாச்சு. பேச விசயமும் ஒண்ணும் இல்ல. எங்க ரூம் சுவத்துல பஸ் டைம் எழுதின காலண்டர் தொங்கிச்சு. "சங்கரன்கோயிலுக்கு முதல் வண்டி அஞ்சு பத்து, அடுத்தது அஞ்சு நாப்பது, ஆறு அஞ்சு, அது மானூர்ல நிக்காது"ன்னு வாசிச்சேன். அவ "என்ன? என்ன சொல்லுதிய?"ன்னு கேட்டா. பதில் சொல்லிக்கிட்டிருந்தா மூணாவது நிமிஷத்துக்குப் போயிருமேன்னு நான் வாசிச்சுக்கிட்டே இருந்தேன். எட்டு இருவது வண்டிக்கு வரும்போது சரியா அம்பத்தேழு. வச்சிட்டேன். இன்னொரு நாள் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன். கணக்கு டீச்சர்லா, பிடிக்கும்னு நினைச்சேன்.

ஒரு ஞாயித்துக்கிழம காலைல பாத்தா, சொல்லாமக் கொள்ளாம மாமனாரு வந்து நிக்காவ. கூட அவ தாய்மாமன் வெயிலுகந்தான். அரிசி மில்லு வச்சிருக்காவ, ஆளு நல்ல ஓங்குதாங்கா இருப்பாவ. கையில ஒரு சாவிக்கொத்து. இம்புட்டுப் பெருசு தம்பி. மில்லுச் சாவி, குடோன் சாவி, எல்லாம் அந்தக் காலத்து இரும்பு.

எங்கம்மா காப்பி போட உள்ள போயிட்டா. இவுக ரெண்டு பேரும் எனக்கு எதுத்தாப்ல உக்காந்து என் மூஞ்சியவே பாக்காவ. நான் "வாங்க மாமா, எப்ப கெளம்பினிய, வெயிலா இருந்துச்சா"ன்னு பேசிக்கிட்டே இருக்கேன். மாமனாரு என்னையும் பாக்காவ, சுவத்துக் கடிகாரத்தையும் பாக்காவ. ஒரு நிமிஷம் ஆகப் போகுது. வெயிலுகந்தான் மாமா சட்டுனு எந்திரிச்சு, அந்தச் சாவிக்கொத்த என் கையில வச்சு, என் விரல எல்லாம் மடக்கி, "இறுக்கிப் பிடிங்க மாப்ள, விட்டுராதீங்க"ன்னாவ.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. சாவிய மாப்ள கையில கொடுக்காவன்னா என்ன அர்த்தம்? வீடு எழுதித் தாராவன்னு அர்த்தம். நான் ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "இப்பவே எதுக்கு மாமா, கல்யாணம் முடியட்டுமே"ன்னேன். உள்ள எட்டிப் பாத்து, "யம்மா, காப்பி மட்டும் போதாது, கேசரி கிண்டு"ன்னு சத்தம் போட்டேன். எங்கம்மாவும் சாவியப் பாத்துட்டா. "எத்தன ரூமுன்னு கேளுல"ன்னு சைகை காட்டுதா.

மாமனாரு தொண்டையச் செருமிக்கிட்டு, "மாப்ள, இது எத்தன வருசமா இருக்கு?"ன்னு கேட்டாவ.

"எது மாமா?"

"அதான், பேசிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு நின்னு போகுதே. சில நாளு சம்பந்தமில்லாம பஸ் டைம், வாய்ப்பாடெல்லாம் வருதே. எம்மச்சான் மில்லுல ஒரு மூடை தூக்குத பயலுக்கு இப்படித்தான் வரும். வலிப்பு வாரதுக்கு முந்தி பேச்சு கொழறும். பயப்படாதீங்க, இரும்பப் பிடிச்சா நிக்கும். உள்ளதச் சொல்லுங்க."

எப்படி இருந்திருக்கும் எனக்கு! ஒரு படிச்ச மனுசனப் பாத்து! நான் உடனே ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, பல்ஸ்னா என்ன, சீட்டு எப்படி விழுது, அறுவத்தொண்ணு எப்படி நூத்தியிருவது ஆகுதுன்னு எல்லாத்தையும் வெளக்கினேன். முக்கா மணி நேரம். நேர்ல பேச சார்ஜ் கிடையாதுல்லா, நிறுத்தி நிதானமாவே சொன்னேன். சொல்லி முடிச்சதும் ரெண்டு பேரு மூஞ்சியும் முந்திய விட மோசமாப் போச்சு. வெயிலுகந்தான் மாமா என் விரல ஒவ்வொண்ணா விரிச்சு சாவிக்கொத்தத் திரும்ப வாங்கிக்கிட்டாவ.

"வாங்க மச்சான், போவோம். இது வலிப்பு இல்ல. இதுக்கு இரும்பு வேல செய்யாது"ன்னாவ.

கேசரி அப்படியே இருந்துச்சு தம்பி.

மறுநாள் ஏழு மணிக்கு முந்தியே எனக்கு போன் வருது. பிரம்மசக்தி. அவளாக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவ. குரல்ல கோவமெல்லாம் இல்ல. நிதானமா, வகுப்புல பாடம் எடுக்க மாதிரி பேசுனா. "வலிப்புன்னு எங்கப்பா சொன்னப்ப நான் பயப்படல. டாக்டரு இருக்காரு, மாத்திரை இருக்கு, வேளாவேளைக்கு நான் எடுத்துக் கொடுப்பேன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அது வியாதி. நான் கட்டிக்கிடுவேன். ஆனா இதுக்கு என்ன மாத்திரை இருக்கு? நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அது என்னன்னா"ன்னா.

அம்பத்தேழு. கட் பண்ணிட்டேன்.

என்ன தம்பி தலைல அடிச்சுக்கிடுதிய? அது அவ போன் பண்ணின கால். துட்டு அவ வீட்டுத் துட்டு. நம்ம துட்டுன்னா கூடப் பரவாயில்ல, அடுத்தவக துட்ட வீணடிக்கலாமா? நல்ல எண்ணத்துலதான் வச்சேன்.

வச்சப்புறந்தான் மண்டைல உறைச்சுது, முடிவு என்னன்னு கேக்கலையேன்னு. கல்யாணமா, இல்லையா? பத்திரிக அடிச்சாச்சு. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாச்சு. அதெல்லாம் கூட விடுங்க. மாத்திரை எடுத்துக் கொடுப்பேன்னு சொன்னாள்லா, அது நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது. எனக்காக அப்படி ஒரு வார்த்த அதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. திருப்பிப் போன் போட்டேன். எடுக்கல. மறுபடியும் போட்டேன். நாப்பத்தோரு தடவ போட்டேன். எடுக்காத காலுக்குச் சார்ஜ் கிடையாது, அது ஒண்ணுதான் ஆறுதல்.

காலைல அஞ்சு பத்து வண்டியப் பிடிச்சேன். காலண்டர்ல இருந்த அதே வண்டிதான். பள்ளிக்கூட வாசல்ல போய் நின்னேன். அவ கையில அட்டெண்டன்ஸ் நோட்டோட வந்தா. என்னப் பாத்து ஆச்சரியமும் படல, ஒண்ணும் படல. கைய நீட்டினா.

"வாட்சக் கழட்டுங்க."

கழட்டிக் கொடுத்தேன்.

"சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் போடுங்க. நானா வைக்கிற வரைக்கும் நீங்க வைக்கக் கூடாது. வச்சியன்னா, அதுதான் என் முடிவு."

ஏழு மணிக்குப் போட்டேன். முத நிமிஷம் தாண்டுது. மண்டைக்குள்ள டக்குனு ஒரு பல்ஸ் விழுது. ரெண்டாவது. மூணாவது. நெத்தியெல்லாம் வேர்வை. எங்கம்மா விசிறிய எடுத்துக்கிட்டு வந்துட்டா. அவ என்னமோ பேசிக்கிட்டிருக்கா, நான் எண்ணிக்கிட்டிருக்கேன். பதினாலாவது பல்ஸ் வரைக்கும் எண்ணினது ஞாபகம் இருக்கு. அப்பத்தான் அவ சொன்னா, "எங்க வகுப்புல சில பிள்ளைய விடைய மட்டும் எழுதி வைக்கும். வழி எழுதாது. விடை சரியா இருந்தாலும் நான் முழு மார்க்கு போட மாட்டேன். நீங்க அந்தப் பிள்ளைய மாதிரி. சாப்பிட்டியான்னு கேப்பிய. நான் என்ன சாப்பிட்டேன், ஏன் பாதில எந்திரிச்சேன்னு கேக்க மாட்டிய."

"ஏன் பாதில எந்திரிச்ச?"ன்னு கேட்டேன்.

அதுக்கு ஒரு கதை சொன்னா பாருங்க! ஹெட்மிஸ்ட்ரஸ் டிபன் பாக்ஸ் மாறிப்போன கதை. நான் சிரிச்ச சிரிப்புல எங்கம்மா விசிறிய அப்படியே போட்டுட்டு, "நெசமாவே வந்துருச்சா"ன்னு இரும்பு தேட ஓடிட்டா. அப்புறம் நான் மேனேஜரு வேடிக்கைய முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல சொன்னேன். அவளும் சிரிச்சா. அதுக்கப்புறம் எண்ணல தம்பி. எண்ணிக்க எங்க போச்சுன்னே தெரியல. ரொம்ப சந்தோசமா இருந்துச்சு.

கடைசில, "சரி, கட்டிக்கிடுதேன்"ன்னு சொல்லி டக்குனு வச்சிட்டா.

போன்ல பாத்தா ஒரு மணி பன்னெண்டு நிமிஷம் ஒரு செகண்ட்.

ஒரு செகண்ட்! நம்ப முடியாம மறுநாள் ஆபீஸ்ல போய் என் சீட்ட எடுத்துப் பாத்தேன். நாலாயிரத்து முன்னூத்தி இருவத்தொண்ணு. அறுவதால வகுத்தா எழுவத்திரண்டு, மிச்சம் ஒண்ணு. எழுவத்திமூணு பல்ஸ். ஒரே ஒரு செகண்ட் முந்தி வச்சிருக்கலாம். என் வாட்ச் அவகிட்டல்லா இருக்கு? பாத்துக்கிட்டே உக்காந்திருந்து வேணும்னே வச்சிருக்கா. கணக்கு டீச்சர்னா சும்மாவா?

கல்யாணத்தன்னைக்கு மணவறைல மேளம் வாசிக்கும்போது மெதுவாக் கேட்டேன், ஏன் அந்த ஒரு செகண்ட்னு. தல குனிஞ்சுக்கிட்டே சொன்னா, "மிச்சம் அம்பத்தொம்பது செகண்டுக்கும் துட்டு கட்டிட்டியல்லா? அது என்கிட்ட பத்திரமா இருக்கு. வேணுங்கப்பப் பேசிக்கிடுதேன்."

இருவத்திரண்டு வருசம் ஆச்சு. இன்னும் பேசல. நானும் வருசா வருசம் கல்யாண நாளன்னைக்குக் கேப்பேன். "இப்ப என்ன அவசரம்?"ம்பா.

இந்தா, பனவடலிசத்திரம் வந்துட்டு. சீக்கிரம் முடிச்சிருதேன்.

இப்ப எல்லாம் அன்லிமிட்டெட் ஆயிருச்சு. பல்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா பழகின கை கேக்குமா? அம்பத்தேழுல தானாப் போய் அமுக்கிருது. போன மாசம் எம்மக கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல இருந்து கூப்பிட்டா. கடைசி வருசம் படிக்கா. "அப்பா, உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு நினைச்சேன். என் கூடப் படிக்கிற ஒருத்தர், அவரும் நானும்"ன்னா. அதுக்குள்ள அம்பத்தேழு. புராஜெக்ட் ஏதோ சேந்து செய்யுதாவ போல. அவசரம்னா திருப்பிக் கூப்பிட்டிருப்பாள்லா? என்னக் கூப்பிடல. அவ அம்மாவக் கூப்பிட்டிருக்கா. ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு ஒன்றரை மணி நேரம் பேசுனாவ. வெளிய வந்து பிரம்மசக்தி என்னைய ஒரு பார்வ பாத்தா. மறுநாள் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போறேன்னு சங்கரன்கோயிலுக்குக் கெளம்பிட்டா. தபசு முடிஞ்சு பன்னெண்டு நாளாச்சு. வரல. போன் போட்டாலும் எடுக்கல. கூட்டம் கொறையட்டும்னு இருக்கா போல.

வீட்டுல நான் மட்டும் இருக்கேன். சாப்பிட்டியான்னு கேக்க ஆளு இல்ல. பாதில எந்திரிச்சாலும் ஏன்னு கேக்க ஆளு இல்ல. ஒருமாதிரிதான் இருக்கு தம்பி.

நேத்து மெசேஜ் வந்துச்சு. இந்தா, நீங்களே வாசிங்க, எனக்குக் கண்ணாடி பைல இருக்கு. என்ன போட்டிருக்கா? "நாளைக்கு வாங்க. அந்த அம்பத்தொம்பது செகண்ட் இப்ப வேணும். வாட்ச் கட்டாம வாங்க. மகளும் வந்திருக்கா. கூட ஒரு பையனும் வாரான். வெயிலுகந்தான் மாமாவ சாவிக்கொத்தோட வரச் சொல்லியிருக்கேன்."

பாத்தியளா? இருவத்திரண்டு வருசம் கழிச்சு! நல்ல வார்த்தையாத்தான் இருக்கும். அந்தப் பையன் யாருன்னு தெரியல, புராஜெக்ட் விசயமா வந்திருப்பான். சாவி எதுக்குன்னும் தெரியல. மாமனாருக்கும் வயசாயிருச்சு. இந்தத் தடவ வீடாத்தான் இருக்கும்னு நினைக்கேன்.

ஏன் தம்பி சிரிக்கிய? ஏன் என் கையப் பிடிக்கிய? தைரியமாத்தான் இருக்கேன், எனக்கு என்ன பயம்? ஸ்டாண்டு வந்துட்டு, எறங்குங்க, பின்னால ஆளு நிக்காவ.

என்னது? அம்பத்தொம்பது செகண்ட்ல அவ சொல்லி முடிக்காட்டா என்ன செய்வியன்னு கேக்கியளா? அத நானும் ராத்திரி யோசிச்சேன். என்ன செய்ய, இன்னொரு பல்ஸ் விழட்டும் தம்பி. எத்தன விழுந்தாலும் விழட்டும். இந்தத் தடவ நான் கட் பண்ண மாட்டேன்.